எண்பத்தைந்தில் பிறந்த கிட்டார்

தடால்!

வீடே ஒரு தரம் குலுங்கியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் இன்னொரு ஓசை கிளம்பியது. ஐந்தாறு கம்பிகள் ஒன்றாகச் சேர்ந்து முனகுவது போல ஓர் அதிர்வு அறை முழுக்கச் சுற்றி வந்து மெல்ல ஓய்ந்தது.

நதியா கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். பரணில் சாத்தியிருந்த ஏணியின் உச்சியில் அவள் புருஷன் கார்த்திக்ராஜ் தலையெல்லாம் ஒட்டடையோடு நின்றிருந்தான். கீழே ஒரு நீளமான கறுப்புப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து செக்கச்செவேல் என்று ஒரு கிட்டார் எட்டிப் பார்த்தது.

"ஏங்க, தலையில விழுந்திருந்தா என்னாகுறது?"

"ஒடையட்டும்னுதான் தள்ளுனேன். சனியன், அப்பவும் ஒடையல பாரு."

அவன் இறங்குவதற்குள் அவன் அம்மா ஜக்கம்மா வந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மூட்டுவலிக்காரி, எப்படித்தான் அத்தனை வேகமாக வந்தாளோ, தரையில் சரிந்து உட்கார்ந்து கிட்டாரை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். கைக்குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தால் தடவிப் பார்ப்பது போல முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள்.

"எங்கனயும் அடிபடல" என்றாள், யாருக்கோ பதில் சொல்வது போல.

கார்த்திக்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எம்மா, நீயா அதைத் தூக்கிக் கொஞ்சுற? ஒம்மகளைக் கொன்ன சாமானும்மா அது!"

ஜக்கம்மா முந்தானையால் கிட்டாரின் தூசியைத் துடைத்தாள். நாற்பது வருஷமாக இந்தப் பேச்சு வந்தாலே அவள் வாயடைத்துப் போவது வழக்கம்தான்.

ஓடைப்பட்டியில் இந்த வீட்டுக்குப் பெயரே 'கிட்டார்க்காரன் வீடு'. அந்தப் பெயர் பாட்டினால் வந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளூரில் எல்லோருக்கும் கதை தெரியும். கார்த்திக்ராஜின் அப்பா செல்லப்பாண்டியும் ஜக்கம்மாவும் கல்யாணமான புதிதில் மலைக்கு மேலே, கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். அங்கே அவர்களுடைய மூத்த பிள்ளை மகாலட்சுமி காய்ச்சலில் கிடந்தாள். மூன்று வயது. பெண்டாட்டியையும் பிள்ளையையும் கொட்டுகிற மழையில் விட்டுவிட்டு செல்லப்பாண்டி கிட்டார் வாங்கப் போய்விட்டார். திரும்பி வரும்போது குழந்தை மண்ணுக்குள் இருந்தது. இது நடந்தது எண்பத்து மூன்று, ஆகஸ்ட் மாதம்.

கார்த்திக்ராஜ் அதற்குப் பிறகு பிறந்தவன். அக்காவை அவன் போட்டோவில்தான் பார்த்திருக்கிறான். கம்பம் ஊரிலுள்ள ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. இரட்டைச் சடையும் பயந்த கண்களுமாக இருப்பாள். படத்துக்குக் கீழே சின்ன மரப்பலகை. அதில் அகல்விளக்கும், மஞ்சள் துணியால் வாய் கட்டிய ஒரு பித்தளைச் செம்பும் இருக்கும். செம்பைத் துலக்குவதற்குக்கூட யாரும் தொடக்கூடாது. ஜக்கம்மா மட்டும்தான் எடுப்பாள், துடைப்பாள், திரும்ப வைப்பாள்.

பள்ளிக்கூடத்தில் அவனைக் கேலி செய்த பையன்கள் வாயால் கிட்டார் வாசித்துக் காட்டினார்கள். தாய்மாமன்கள் வீட்டு விசேஷங்களில் பந்தியில் உட்கார்ந்தபடியே குத்திக் காட்டினார்கள். செல்லப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு எழுந்துவிடுவார். 'ஆமா, போனேன். அதுக்கென்ன இப்ப?' என்று ஒரு நாளாவது எகிறியிருந்தால்கூட மகனுக்கு மனசு ஆறியிருக்கும். அதுவும் கிடையாது.

வாங்கின கிட்டாரை அவர் வாசித்தும் யாரும் கேட்டதில்லை. அது பரணிலேயே கிடந்தது. ஆனால் திராட்சைத் தோட்டத்தில் தனியாக இருக்கும்போது பந்தல் கம்பியை விரலால் சுண்டிவிட்டு, அந்த 'டொய்ங்' அடங்கும் வரை தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் கார்த்திக்ராஜ் கையிலிருக்கும் கவாத்துக் கத்திரியை வீசி எறிந்துவிட்டுப் போய்விடுவான்.

அவனுடைய மகளுக்கு ஒரு தரம் கடுமையான காய்ச்சல் கண்டது. "ஆஸ்பத்திரிக்குத் தூக்குடா, இப்பவே தூக்குடா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அலறியவள் ஜக்கம்மாதான். குழந்தையை அள்ளிக்கொண்டு அவன் வாசலுக்கு ஓடியபோது செல்லப்பாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏற வந்தார்.

"நீங்க எதுக்கு? நீங்க போயி இன்னொரு கிட்டாரு வாங்கிட்டு வாங்க" என்றான் கார்த்திக்ராஜ்.

ஏறுவதற்கு வைத்த காலை அவர் இறக்கிக்கொண்டார். அன்றைக்கு இருட்டும் வரை பந்தலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

அந்த மனிதர் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. கருமாதிக்கு இன்னும் நாலைந்து நாள்தான். போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை சாத்திச் சுவரில் மாட்ட வேண்டும். சுவரில் இடம் இருப்பதோ அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் மட்டும். "அந்த ஆளு படத்தை அக்கா பக்கத்துல மாட்ட மாட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ பக்கத்துல இருப்பாரு?" என்று அவன் சொல்லிவிட்டான். கிட்டாரையும் அதற்குள் வீட்டை விட்டுக் கடத்திவிட வேண்டும் என்றுதான் இன்றைக்குப் பரணில் ஏறினான்.

ஆனால் ஒன்று உறுத்தியது. தேனி ஆஸ்பத்திரியில் கடைசியாக நினைவு இருந்தபோது அவர் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான். "பரண்ல இருக்குறதைத் தள்ளிப்புடாதய்யா. ஒங்கம்மாவுக்கு அது வேணும்."

சாகும்போதும் எகத்தாளம் என்று அப்போது நினைத்தான்.

"இதைத் தேனியில இம்மானுவேல்கிட்டக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று பெட்டியை மூடினான்.

"கருமாதி முடியாம வெளிய தெருவ போகக்கூடாதுன்னு பெரியவுக சொல்றாகல்ல?" என்றாள் நதியா.

"இதை வெளிய தள்ளுனாத்தேன் எனக்குக் கருமாதியே."

ஜக்கம்மா மடியிலிருந்து கிட்டாரை எடுப்பதற்குக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.

*

கார்த்திக்ராஜுக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி உண்டு. திராட்சை லோடு ஏற்றுகிற வண்டியில் ஒற்றைக் கிட்டாரை ஏற்றிக்கொண்டு சின்னமனூர் வழியாகத் தேனிக்கு வந்து சேர்ந்தான்.

இம்மானுவேல் அவனோடு படித்தவன். அவன் குடும்பம் தேனி கடைத்தெருவில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தது. சர்ச்சுகளுக்கு கீபோர்டு, கச்சேரிக்காரர்களுக்கு கிட்டார், ஊர் விழாவுக்கு மைக்செட் என்று எது வேண்டுமானாலும் அங்கே கிடைக்கும்.

"வாடா மாப்ள. தாடி நல்லாத்தேன் இருக்கு. அப்படியே ஒரு கறுப்புக் கண்ணாடிய மாட்டுனா ஆர்கெஸ்ட்ராவுல சேத்துவிட்ருவேன்."

"கிண்டல் பண்ணாத மச்சான். இந்தா, இதை எடுத்துக்க. விக்கிறயோ ஒடைக்கிறயோ ஒம்பாடு."

பெட்டியைத் திறந்த இம்மானுவேலின் வாய் மூடவில்லை. கிட்டாரைத் திருப்பினான், வெளிச்சத்தில் பிடித்தான், கழுத்தின் மேல் விரலை ஓட்டினான். கடையின் உள்ளே பார்த்து, "ஜான்சி, அந்த லென்ஸை எடு" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

"மாப்ள, இது ஜப்பான்காரன் பண்ணுனதுடா. இந்த மாதிரி சாமானுக்கு இப்பக் கொச்சியில அலையிறானுக. எந்த வருசத்துதுன்னு தெரியுமா?"

"எண்பத்தி மூணு. எங்க ஊரு நாய்க்குக்கூடத் தெரியும்."

"இரு, அவனே எழுதி வச்சிருப்பான்." கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில், பின்பக்கம், நாலு திருகாணி போட்ட ஓர் இரும்புத் தகடு இருந்தது. அதைத் துணியால் துடைத்தான். "வண்டிக்குச் சேஸிஸ் நம்பர் இருக்குல்ல, அது மாதிரித்தேன் இதுவும். முதல்ல ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கு பாரு, அது மாசம். ஏ-ன்னா ஜனவரி, பி-ன்னா பிப்ரவரி. இது சி, மார்ச். அதை அடுத்த ரெண்டு நம்பர் வருசம். மிச்சமெல்லாம் அந்த மாசம் எத்தனையாவதா வெளிய வந்துச்சுங்கிற கணக்கு."

"சரி. எண்பத்தி மூணுதான?"

இம்மானுவேல் லென்ஸை வைத்துப் பார்த்தான். "எட்டு... அஞ்சு. எண்பத்தி அஞ்சு."

"மூணா இருக்கும்டா. நல்லாப் பாரு."

"நீயே பாரு."

பார்த்தான். சந்தேகத்துக்கு இடமில்லாத ஐந்து. ஊசியால் குத்தியது போலத் தெளிவாக இருந்தது. கார்த்திக்ராஜின் காதில் தெருச்சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது.

"மச்சான், வண்டியில நம்பர் பிளேட்டை மாத்துறானுக. திருட்டு வண்டிக்குச் சேஸிஸ் நம்பரையே மாத்திக் குத்துறானுக. இதுவும் அப்படி வேற தகடா இருக்கலாம்ல?"

"இருக்கலாம். தகட்டை மட்டும் நம்பி யாரும் காசைக் குடுக்க மாட்டாக." இம்மானுவேல் திருப்புளியை எடுத்து நாலு ஆணிகளையும் கழற்றினான். கழுத்து தனியாக வந்தது. உடம்போடு பொருந்தியிருந்த அடிப்பாகத்தில், வெளியே யாரும் பார்க்க முடியாத இடத்தில், சின்னதாக ஒரு நீல முத்திரை தெரிந்தது. தொழிற்சாலையில் மரத்தை அறுத்துப் பதம் பார்த்தவன் குத்தியது. அதிலும் எண்பத்தைந்து, மூன்றாம் மாதம்.

"போதுமா? இன்னொன்னும் சொல்றேன் கேட்டுக்க. வாசிச்ச கிட்டாருன்னா கம்பி அழுத்துற எடமெல்லாம் தேஞ்சு பள்ளமாயிருக்கும். இதுல ஒரு கீறல் கெடையாது. முன்னாடி ஒட்டியிருக்குற பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கல. மாப்ள, இதை ஒருத்தரும் ஒரு நாளும் வாசிச்சதே இல்லடா."

கார்த்திக்ராஜ் அங்கே கிடந்த ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஜான்சி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "என்னண்ணே, ஒரு மாதிரி இருக்கீக?"

"எங்கக்கா செத்தது எண்பத்தி மூணுல தங்கச்சி."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கதை அவர்களுக்கும் தெரியும். இம்மானுவேல்தான் மெதுவாகச் சொன்னான்: "அப்ப இந்தக் கிட்டாருக்காக ஒங்கப்பா அன்னைக்குப் போயிருக்க முடியாதுடா. இதுக்கு மரமே வெட்டிருக்க மாட்டான்."

"அப்ப எங்க போனாரு?"

அந்தக் கேள்விக்கு இம்மானுவேலிடம் லென்ஸ் இல்லை. கழுத்தைத் திரும்ப முடுக்கி, பெட்டியில் வைத்து, "வீட்டுக்குக் கொண்டு போ. இதை நான் இப்ப வாங்க மாட்டேன்" என்று கையில் கொடுத்துவிட்டான்.

*

திரும்பும் வழியெல்லாம் கார்த்திக்ராஜின் புத்தி கெட்ட திசையிலேயே ஓடியது. கிட்டார் பொய் என்றால் நிஜம் என்ன? கிட்டாரைச் சொல்லி மறைக்க வேண்டிய அளவுக்கு அதைவிடக் கேவலமான ஓரிடம்! குமுளியில் யாராவது ஒருத்தி இருந்தாளா? சீட்டாட்டமா? பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது இந்த மனிதர் எந்த வாசற்படியில் கிடந்தார்?

ஆனால் ஏமாற்றுக்காரன் எவனாவது, பொய்யை மெய்யாக்குவதற்காக இரண்டு வருஷம் கழித்து ஒரு கிட்டாரை வாங்கிப் பரணில் போடுவானா? அதுவும் தன்னைக் கொலைகாரனாகக் காட்டுகிற பொய்யை!

சின்னமனூரில் நிறுத்தி, பெரிதாக்கக் கொடுத்திருந்த போட்டோவை வாங்கிக்கொண்டான். ஸ்டூடியோக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அதைப் பக்கத்து இருக்கையில் கிட்டார்ப் பெட்டிமேல் சாய்த்து வைத்தான். ஒரு வேகத்தடையில் வண்டி குதித்தபோது தாள் கிழிந்து அப்பாவின் ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. ஓடைப்பட்டி வரும் வரை அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

விளக்கு வைக்கிற நேரம். ஜக்கம்மா மகளின் படத்துக்கு முன்னால் அகலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். தூரத்தில் மாரியம்மன் கோயிலில் மணி அடித்தது. கோயில் மணி கேட்டால் ஊர்ப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஜக்கம்மா மாட்டாள். அந்தக் கோயில் திருவிழாவில்கூட இவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பாள் என்பது ஊரறிந்த விஷயம். மகளைக் காப்பாற்றாத சாமி மேல் கோபம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மகன் கிட்டார்ப் பெட்டியோடு திரும்பி வந்ததைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. "விக்கலயா?"

"விக்கல." பெட்டியைத் தரையில் வைத்தான். போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டான். "எம்மா, அன்னைக்கு அப்பா வந்தப்ப அவரு தோள்ல இந்தக் கிட்டாரு இருந்துச்சா?"

எண்ணெய் அகலைத் தாண்டி வழிந்தது.

"எதுக்குடா இப்ப அது? போன மனுசன்..."

"இருந்துச்சா, இல்லையா?"

"ஏங்க, கிழவிய ஏன் வெரட்டுறீக?" என்று நதியா குறுக்கே வந்தாள்.

"நீ சும்மா இரு. இந்தக் கிட்டாரு எண்பத்தி அஞ்சுல செஞ்சது. தகட்டுலயும் இருக்கு, உள்மரத்துலயும் இருக்கு. அக்கா செத்தப்ப இது ஒலகத்துலயே கெடையாது. நாப்பது வருசமா ஊரே காறித் துப்புன கதை பொய். எந்த நாயி எதுக்குச் சொன்ன பொய்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தேன் இந்தப் படத்தை எங்கன மாட்டுறதுன்னு நான் முடிவு பண்ணுவேன். செவுத்துலயா, இல்ல கொல்லையிலயா."

'கொல்லை' என்ற சொல் ஜக்கம்மாவை அடித்தது. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தானையைத் திருகியபடியே பேச ஆரம்பித்தாள்.

"கிட்டாரு இல்ல. வெறுங்கையாவும் வரல. மழையில நனைஞ்சு, காலெல்லாம் அட்டை கடிச்சு ரெத்தமா, ஓடி வந்தாக. ரோட்டுல மண்ணு சரிஞ்சு வண்டி எதுவும் ஓடல. மலைய நடந்தே ஏறுனாக. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"ஒங்க மாமன்மாரு தகவல் தெரிஞ்சு வந்தாக. வந்ததும் வராததுமா, புள்ளைய ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல, யாரு தடுத்ததுன்னு குதிச்சாக. பெரிய அண்ணன் கையில அருவா. எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கிருச்சு. அப்ப ஒங்கப்பா முன்னாடி வந்து நின்னாக. 'நாந்தேன் வீட்டுல இல்ல. கிட்டாரு வாங்கப் போயிருந்தேன்'னாக."

"கிட்டாருன்னு ஏன் சொல்லணும்?"

"தோட்டத்துக்குப் பக்கத்துல ஒரு சர்ச்சு இருந்துச்சு. ஞாயித்துக்கெழமை ஆனா வெளிய நின்னு கிட்டாரு கேப்பாக. அது மேல அம்புட்டு உசுரு. அண்ணன்மாருக்கும் அது தெரியும். அதுனால உடனே நம்பிட்டாக. போட்டு அடிச்சாக. ஒரு அடியக் கூடத் தடுக்கல மனுசன்." மூக்கைச் சிந்தினாள். "எங்கடா அந்தக் கிட்டாருன்னு வரும்போதெல்லாம் கேட்டாக. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு ரெண்டு வருசம் சொல்லிப் பாத்தாக. நீ வயித்துல இருக்கயில, வெளிநாட்டுலருந்து வந்த ஒரு மலையாளத்தான்கிட்ட இதை வாங்கிட்டு வந்து பரண்ல போட்டாக. 'இனி ஒன்னைய ஒருத்தரும் கேக்க மாட்டாக ஜக்கம்மா'ன்னாக. ஒரு தடவை வாசிங்களேன்னு கெஞ்சுனேன். 'இது வாசிக்க வாங்குனது இல்ல'ன்னுட்டாக."

நதியா வாயைப் பொத்திக்கொண்டாள். கார்த்திக்ராஜின் கையில் போட்டோ கனத்தது. பந்தலுக்கு அடியில் கம்பியைச் சுண்டிவிட்டுத் தலை சாய்த்து நின்ற உருவம் கண் முன்னால் வந்தது. வண்டியில் வைத்த காலைத் திரும்ப இறக்கிக்கொண்ட உருவமும் வந்தது. இரண்டையும் தள்ளிவிட்டுக் கேட்டான்.

"அப்ப நெசமா எங்கதேன் போனாரு? அப்பயே ஏன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கல?"

ஜக்கம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். படத்துக்குக் கீழே இருந்த பித்தளைச் செம்பை எடுத்தாள். யாரையும் தொடவிடாத அந்தச் செம்பை மகன் கையில் வைத்தாள். கைக்கு லேசாக இருந்தது. உள்ளே எதுவும் தளும்பவில்லை. மஞ்சள் துணியின் முடிச்சில் காய்ந்த வேப்பிலைக் காம்பு ஒன்று சிக்கியிருந்தது.

"தீர்த்தம் வாங்கப் போனாகடா... புள்ளைக்கு அம்மை போட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்குனா ஆத்தா கோவிச்சுக்கிருவான்னு வாசலை மறிச்சு நின்னு, அவுகளை நம்மூரு மாரியம்மன் கோயிலுக்கு வெரட்டுனது நாந்தேன்."